பெரிய மேப் கேமில் கார் மிதக்கிற மாதிரி இருக்கிறது. மேப் அளவுதான் காரணமா?

வளைவுப்பிரியன்:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாகச் சின்ன மேப் உள்ள ரேஸிங் கேம்களிலேயே ஓட்டிப் பழகியவன் நான். பர்ன்அவுட் பாரடைஸில் எந்தத் தெரு எங்கே திரும்பும் என்று கை தானாகப் போகும். இப்போது மிகப் பெரிய ஓபன் வேர்ல்ட் கேம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். மலை, பாலைவனம், நகரம் எல்லாம் ஒரே மேப்பில். பார்க்க அள்ளுகிறது. ஆனால் கார் ரோட்டில் ஒட்டவே இல்லை.

200 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் ஸ்டிக்கை லேசாகத் தள்ளியும் ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினால் சட்டென்று வெட்டுகிறது. வளைவில் நான் திருப்பி ஒரு கணம் கழித்துத்தான் கார் திரும்புகிறது. நெடுஞ்சாலையில் 300ஐத் தொட்டாலும் வேகமே தெரியவில்லை. நகரத்துக்குள் வந்தால் இதெல்லாம் ஓரளவு குறைகிறது.

"மேப் பெருசானா ஹேண்ட்லிங் போயிடும்" என்று கூட விளையாடுகிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? செட்டிங்ஸில் சரியாகுமா, இல்லை கேமையே மாற்ற வேண்டுமா? கன்சோலில், சாதாரண கண்ட்ரோலரில் ஓட்டுகிறேன். வீல் இல்லை.

மூணாவதுகியர்:
சில விவரம் வேண்டும் நண்பரே. படத்தின் அழகுக்கு முதலிடம் தரும் குவாலிட்டி மோடா, நொடிக்கு அதிக ஃபிரேம் தரும் பெர்ஃபார்மன்ஸ் மோடா? டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போட்டிருக்கிறீர்களா? எந்த கேமரா? எந்த மாதிரி கார்? இந்த நாலும் தெரியாமல் மேப்பின் மேல் பழி போட முடியாது.

வளைவுப்பிரியன்:
குவாலிட்டி மோட், நொடிக்கு 30 ஃபிரேம். டிவி சினிமா பிக்சர் மோடில் இருக்கிறது. கேமரா காருக்குப் பின்னால், தூரத்தில் இருப்பது. கார், கேமில் கிடைத்ததிலேயே வேகமானது, எல்லா அப்கிரேடும் போட்டது.

டயர்தடம்:
நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனி பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. மேப்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரின் பிசிக்ஸ் கணக்குக்கு மேப் எவ்வளவு பெரிது என்பதே தெரியாது. டயருக்குக் கீழே இருக்கும் தரை, அதன் சரிவு, பிடிப்பு, சஸ்பென்ஷனில் விழும் எடை, இவ்வளவுதான் அதற்குத் தேவை. மீதி மேப் நீங்கள் போகப் போக டிஸ்கிலிருந்து ஏறிக்கொண்டே வரும். பீம்என்ஜி டிரைவ் என்ற கார் சிமுலேஷன் கேம் ஒரு நொடிக்கு 2000 முறை காரின் உடலைக் கணக்கிடுகிறது. அங்கே பாரம் ஏற்றுவது எத்தனை கார் ஓடுகிறது என்பதுதான், எத்தனை சதுர கிலோமீட்டர் இருக்கிறது என்பதல்ல. ஆகவே "பெரிய மேப் என்றால் மோசமான ஹேண்ட்லிங்" என்று நேராகச் சொல்ல முடியாது.

ஆனால் மேப் பெரிதானால் ரோடு மாறும், வினை அங்கேதான். பெரிய மேப்பை ஆள் சலிப்பில்லாமல் கடக்க வேகமான கார் வேண்டும். அந்தக் கார் ஓட ரோடு அகலமாகவும் வளைவு பெரிதாகவும் இருக்க வேண்டும். கணக்கே போட்டுப் பார்க்கலாம். 300 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 83 மீட்டர். அந்த வேகத்தில் 100 மீட்டர் ஆரம் உள்ள வளைவை எடுக்கப் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு பக்கவாட்டுப் பிடிப்பு தேவை. எந்த ரோட்டுக் காராலும் ஆகாது. ஆரம் 500 மீட்டர் என்றால் ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும். அதனால் மேப் செய்கிறவர்கள் வளைவை அப்படி விரித்துவிடுகிறார்கள்.

500 மீட்டர் வளைவில் முன்சக்கரம் எவ்வளவு திரும்ப வேண்டும்? டயர் வழுக்கலை விட்டுவிட்டு வெறும் வடிவக்கணக்குப்படி பார்த்தால் அரை டிகிரிகூட இல்லை. 60 மீட்டர் ஆரம் உள்ள மலைப்பாதை வளைவை 100 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் இரண்டரை டிகிரி. பிடிப்பு கிட்டத்தட்ட அதே அளவு தேவைப்படுகிறது, கைக்கு வேலையோ பல மடங்கு. நெடுஞ்சாலையில் உங்கள் விரல் செய்கிற வேலை ஸ்டிக்கின் நடுவில் ஒரு துளி இடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தத் துளி இடத்தைத்தான் டெட்ஜோன், அதாவது ஸ்டிக் அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதி, விழுங்கிவிடுகிறது. லேசாகத் தள்ளினால் ஒன்றுமில்லை, கொஞ்சம் தாண்டினால் வெட்டு என்று நீங்கள் சொன்னது இதுவேதான்.

மூணாவதுகியர்:
தாமதத்துக்கு மேப்பைத் தேடவே வேண்டாம். 30 ஃபிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 33 மில்லிசெகண்ட், 60இல் அதில் பாதி. சினிமா மோடில் டிவி படத்தை மெருகேற்றுகிற நேரம் அதற்கு மேல் சேரும். எல்லாம் சேர்ந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆனாலே, 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஐந்தரை மீட்டர் போயிருக்கும். நகரத்தில் 80இல் போகும்போது அதே தாமதம் இரண்டு மீட்டர்தான். நகரத்தில் பரவாயில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு.

முதலில் டிவியில் கேம் மோட், அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் மோட். இரண்டையும் முடிக்காமல் ஸ்டியரிங் செட்டிங்கில் கை வைக்காதீர்கள், எது எதைச் சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும். அதன் பிறகு உள் டெட்ஜோனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கையை எடுத்த பிறகும் கார் தானாக ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். ஸ்டியரிங் லீனியாரிட்டி (ஸ்டிக்கைத் தள்ளும் அளவுக்கும் சக்கரம் திரும்பும் அளவுக்கும் உள்ள விகிதம்) செட்டிங் இருந்தால் கடைசியில் பாருங்கள். பல கேம்களில் வேகம் ஏற ஏற, ஸ்டிக்கை முழுசாகத் தள்ளினாலும் சக்கரம் முழுசாகத் திரும்பாதபடி கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். சில கேம்களில் ஸ்டியரிங்கைச் சிமுலேஷனுக்கு மாற்றினால் அந்தக் கட்டுப்பாடு தளரும். ஆனால் கண்ட்ரோலரில் அது முரட்டுத்தனமாக இருக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

புதுக்கிளட்ச்:
குறுக்கே ஒரு சந்தேகம் அண்ணா. மேப்பின் நடுவிலிருந்து ரொம்ப தூரம் போனால் கணக்கின் துல்லியம் குறைந்து கார் நடுங்கும் என்கிறார்களே, அது உண்மையா?

டயர்தடம்:
உண்மைதான் தம்பி, ஆனால் இவருடைய பிரச்சினை அதுவல்ல. 32 பிட் தசம எண்ணில் இடத்தைக் குறித்தால், மையத்திலிருந்து 16 கிலோமீட்டரைத் தாண்டியதும் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் வந்துவிடும். சஸ்பென்ஷனுக்கு அது பெரிய இடைவெளி. அதனால் பெரிய மேப் செய்கிறவர்கள் மையத்தையே காரோடு சேர்த்து நகர்த்திவிடுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் நடுக்கம் தெரியும், மிதப்பு தெரியாது.

தூரப்பயணி:
பெரிய மேப்பின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். 2006இல் வந்த டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட் ஹவாயின் ஓவாஹு தீவைத் தந்தது. சுமார் 1600 கிலோமீட்டர் ரோடு. அதில் ரேஸே இல்லாமல் கரையோரமாகத் தீவைச் சுற்றி வருவது எனக்கு முழு இன்பம். ரோடு உண்மையான தீவின் ரோட்டைப் பின்பற்றிப் போகும், வளைவுக்கு நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். பெரிசு என்பது குற்றமில்லை, சுருக்குவதுதான் சிக்கல். 2014இல் வந்த தி க்ரூ அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் கடக்க வைத்தது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மலைத்தொடர் சில நிமிடத்தில் முடிந்துவிட்டால் அதில் எத்தனை நல்ல வளைவு வைக்க முடியும்? அதைச் செய்த ஐவரி டவர் ஸ்டுடியோ 2018இல் தி க்ரூ 2இலும் முழு அமெரிக்காவை வைத்தது. 2023இல் தி க்ரூ மோட்டார்ஃபெஸ்டுக்கு ஓவாஹு தீவு ஒன்றையே மையமாக எடுத்துக்கொண்டது. சரியான முடிவு என்பது என் கருத்து.

டயர்தடம்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் பரப்பு ஒன்றையும் தராது என்பதற்கு 2009இல் வந்த ஃபியூவல் என்ற ரேஸிங் கேம் இருக்கிறது. 14,400 சதுர கிலோமீட்டர், கின்னஸ் சாதனை. அவ்வளவு நிலமும் இருந்தும், திரும்பிப் போய் ஓட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பிட்ட ரோடு எனக்கு மனதில் நிற்கவில்லை.

வளைவுப்பிரியன், மூன்றாவது பிரச்சினை வேகம் தெரியாதது. பக்கத்தில் கடந்து போகிற பொருளை வைத்துத்தான் கண் வேகத்தை எடை போடுகிறது. 3 மீட்டர் தள்ளி ஒரு தடுப்புச்சுவர் போவதற்கும் 20 மீட்டர் தள்ளி ஒரு மரம் போவதற்கும் கண்ணில் ஏழு மடங்கு வித்தியாசம். நான்கு வழிச் சாலையின் நடுவில், காருக்குப் பின்னால் உயரத்தில் கேமராவை வைத்தால் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பானெட் கேமராவுக்கு வாருங்கள், தரை கண்ணுக்குக் கிட்டே வரும். அப்புறம் அந்த அதிவேகக் காரை நிறுத்திவிட்டு, அப்கிரேட் எதுவும் போடாத ஒரு சின்ன காரை எடுத்துக் குறுகலான மலைப்பாதையில் விடுங்கள்.

வளைவுப்பிரியன்:
சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கேம் மோட் போட்டவுடனேயே தாமதம் பெருமளவு போய்விட்டது, பெர்ஃபார்மன்ஸ் மோடில் மிச்சமும் போனது. டெட்ஜோனைக் குறைத்ததும் அந்த வெட்டு நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் லேன் மாற இப்போது விரலை அசைத்தாலே போதும்.

சின்ன கார் யோசனைக்குத் தனி நன்றி. மேப்பின் ஓரத்தில் காட்டுக்குள் ஒரு பழைய ரோடு இருக்கிறது, மிஷன் எதுவும் அந்தப் பக்கம் அனுப்புவதில்லை. அங்கே ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை விட்டுக்கொண்டே திருப்பும்போது முன் டயர் கடிக்கிறது. பின்பக்கம் லேசாக வெளியே வந்து திரும்ப உட்காருகிறது. இவ்வளவு நாளும் இது கேமுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நெடுஞ்சாலை மட்டும் இன்னும் மந்தம்தான்.

அடுத்த கேம் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

தூரப்பயணி:
நெடுஞ்சாலை அப்படியேதான் இருக்கும், அதற்கு மருந்து இல்லை. ஊர் மாற மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வாங்குவதற்கு முன் "முந்தையதை விட இத்தனை மடங்கு பெரிது" என்ற அறிவிப்பை விட்டுவிடுங்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 5இன் மேப் ஃபோர்ஸா ஹொரைசன் 4ஐ விட ஒன்றரை மடங்கு என்றார்கள். அதன் எரிமலைக்கு ஏறும் வளைவுகளுக்காகத்தான் நான் அதை இன்னும் வைத்திருக்கிறேன். யாராவது ஓட்டும் வீடியோவில் வேகமான காரைப் பார்க்காமல் நடுத்தர காரைப் பாருங்கள். அவர் பிரேக்கை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தொடுகிறார் என்று கவனியுங்கள். நிமிடக்கணக்கில் தொடவே இல்லை என்றால் அந்த மேப் உங்களுக்கானதல்ல.

மூணாவதுகியர்:
இலவச டிரையல் கிடைத்தால் மூன்று கிலோமீட்டர் அளவில் ஒரு ரோட்டை எடுத்து, ரேஸ் எதுவும் இல்லாமல் அதிலேயே போய் வந்து பாருங்கள். நாலாவது தடவையும் வளைவை வேறு மாதிரி எடுத்துப் பார்க்கத் தோன்றினால் வாங்கலாம். டிவி கேம் மோடிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் புது கேமிலும் இதே கேள்வியோடு வருவீர்கள்.