தவழப்போகும் பிள்ளை, தரையில் குரோபேக்: மண், எறும்பு, மாவுப்பூச்சி மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்

கேள்வி (திருச்சி)

வணக்கம். எங்கள் பையனுக்கு ஏழரை மாதம். முதல் மாடியில் வாடகை வீடு. அடுப்படிக் கதவைத் திறந்தால் நேரே மொட்டை மாடிதான். கைப்பிடிச் சுவரை ஒட்டி 26 குரோபேக் வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, மிளகாய், சிறுகீரை. அவன் வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்த தோட்டம்.

காலை 6.30 மணிக்குப் பாயை விரித்து அவனைக் குப்புறப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். முட்டியும் கையும் ஊன்றி முன்னும் பின்னும் ஆடுகிறான், இன்னும் தவழவில்லை. முகம் வீட்டுப் பக்கம் இருக்கும்படிதான் போடுகிறேன். இருந்தாலும் இரண்டு பை ஊற்றிவிட்டுத் திரும்பினால் பைகளை ஒட்டிக் கிடக்கிறான். நேற்று வாய் நிறைய மண். மண்புழு உரம் போட்டு நான்கு நாள்தான் ஆகிறது. விரலை விட்டு வழித்து எடுத்தேன், எவ்வளவு உள்ளே போனதோ தெரியாது. முழங்கையில் எறும்புக்கடித் தடிப்பு வேறு.

கத்தரியில் மாவுப்பூச்சியும் வந்துவிட்டது. எறும்பு வராமல் இருக்கப் பைகளைச் சுற்றி மருந்துச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். மாமியார் "முதலில் தோட்டத்தை எடு" என்கிறார். அவர் பயம் புரிகிறது, ஆனால் எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, செடியும் இருக்க வேண்டும். வழி உண்டா?

பதில் (ஈரோடு, இரண்டு பிள்ளைகளின் அம்மா)

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம். அந்தச் சாக்பீஸ் கோட்டை இப்போதே ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அது வெறும் சுண்ணாம்பு இல்லை, பூச்சிமருந்து. பெரியவர்கள் தாண்டிப் போவார்கள். இவன் கையாலும் வயிற்றாலும் துடைத்துக்கொண்டு போவான், அடுத்த நொடி அந்தக் கை வாயில் இருக்கும்.

அவன் பின்பக்கமாக வழுக்கித்தான் பைக்குப் போயிருப்பான், அதில் அதிசயம் இல்லை. பல பிள்ளைகளுக்குக் காலைவிடக் கையில்தான் முதலில் பலம் வரும். முன்னே போகத்தான் நினைத்துத் தரையைத் தள்ளுவார்கள், உடம்பு பின்னால் வழுக்கிப் போகும். என் மூத்தவள் மூன்று வாரம் இப்படித்தான் கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு அழுவாள். நீங்கள் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பிப் போடுவதால்தான் அவன் நேராகப் பைக்குப் போகிறான்!

பதில் (செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்)

கொஞ்சம் மண் வாயில் போனதற்குப் பதற வேண்டாம்மா. வாயைச் சுத்தத் துணியால் துடைத்து, பால் கொடுங்கள். உள்ளே போனதை எடுக்கிறேன் என்று தொண்டைவரை விரலை விடாதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். காய்ச்சல், திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். துத்தநாக மாத்திரையும் சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள்.

6, 10, 14 வாரத்து ஊசிகள் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். ரண ஜன்னித் தடுப்பு அதில்தான் இருக்கிறது. வயிற்றுப் பூச்சிக்கான மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அரசு முகாம்களில் அதை 1 வயதுக்கு மேல்தான் கொடுக்கிறோம். இன்னும் வளர்ந்தபிறகும் மண்ணைத் தேடித் தேடித் தின்றால் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போவது இயல்பு.

முக்கியமாக ஒன்று. செடிக்கு அடிக்க வேப்பெண்ணெய் வைத்திருப்பீர்கள். "வயிற்றுப் பூச்சிக்கு ஒரு சொட்டு" என்று வீட்டில் யார் சொன்னாலும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தான குழந்தைகள் உண்டு. கலந்த கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம்.

பதில் (கோவை, 14 வருட மாடித்தோட்டம்)

எறும்பு தனி, மாவுப்பூச்சி தனி என்று பார்க்காதீர்கள், இரண்டும் ஒரே கணக்கு. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பாக ஒரு பிசினைக் கழிக்கும். எறும்பு அதற்காகத்தான் செடியேறுகிறது. பதிலுக்கு மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டிக் காவல் காக்கிறது. பிள்ளையைக் கடித்தது அந்த வரிசையில் வந்த எறும்பாகத்தான் இருக்கும்.

நிறைய அப்பிய நுனிகளைக் கிள்ளி, ஒரு கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மிச்சத்தைத் தண்ணீரை வேகமாகப் பீச்சி இலையின் அடிப்பக்கம் கழுவுங்கள். கணுவில் ஒட்டியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மட்டும் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். பிள்ளை தூங்கியபின் மாலையில் அடித்து, தரையில் சொட்டியதைக் கழுவிவிடுங்கள்.

அடிப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போர்த்தி, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வேகமாக நகர்ந்தால் அதைக் கொல்லாதீர்கள். அது ஒருவகைப் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கும். எங்கள் பக்கம் 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரம் மரமாக அழித்தபோது எந்த மருந்தும் எடுபடவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு சின்னஞ்சிறு குளவியை விட்ட பிறகுதான் அடங்கியது. அதிலிருந்து மருந்து டப்பாவை எடுக்குமுன் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது என் வழக்கம்.

ஒரு சந்தேகம். பையன் எந்த இடத்து மண்ணை எடுத்தான்? பையின் உயரத்துக்கு அவன் கை எட்டாதே?

கேட்டவர்

கோட்டைத் துடைத்துக் கழுவிவிட்டேன் அக்கா. ஊசியெல்லாம் போட்டாயிற்று. காய்ச்சல் இல்லை, நன்றாகப் பால் குடிக்கிறான்.

இன்று தண்ணீர் ஊற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பின்னாலேயே வழுக்கிப் போனான், பாதம் பையில் இடித்ததும் ஒருக்களித்துத் திரும்பினான். பையின் அடியில் வடிகால் ஓட்டை இருக்கிறதல்லவா, அதன் வழியாகக் கறுப்பாக உரத்தண்ணீர் கசிந்து தரையில் குழம்புபோல் படிந்திருந்தது. அதில் ஆள்காட்டி விரலை வைத்து இழுத்துப் பார்த்தான், ஒரு கோடு விழுந்தது. அப்படியே வாய்க்குக் கொண்டுபோனான், பிடித்துவிட்டேன். பைக்குள் இருக்கும் மண்ணை அவன் தொடவே இல்லை. கசிந்ததுதான் பிரச்சினை.

பதில் (கோவை)

அப்போது தோட்டத்தை எடுக்க வேண்டியதில்லை, தரையிலிருந்து தூக்கினால் போதும். இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டு, பைக்கு அடியில் தட்டு. ஸ்டாண்டுக் காலில் துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினால் எறும்பு ஏறாது. வாரம் ஒருமுறை புதிதாகத் தடவுங்கள். காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழைய முறை வேண்டாம், கொசு முட்டையிடும்.

பதில் (ஈரோடு)

ஸ்டாண்டைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி மட்டும் போடாதீர்கள் தங்கச்சி. இன்னும் சில மாதத்தில் பிடித்து நிற்பான், அப்புறம் ஏறுவான். சுவரோரம் இருக்கும் எதுவும் அவனுக்குப் படிக்கட்டு. வீட்டுச் சுவர்ப் பக்கம் போட்டு, சாயாமல் கொக்கியில் கட்டிவிடுங்கள். தண்ணீர் வாளியை வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். நான்கு விரல் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் இந்த வயதில் எழத் தெரியாது. அடுப்படி வாசலுக்குக் குறுக்கே ஒரு தடுப்பும் வேண்டும்.

பதில் (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

மருந்து சொல்ல எனக்குத் தெரியாதும்மா. நீங்கள் எழுதியதில் "கை ஊன்றி முன்னும் பின்னும் ஆடுகிறான்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைத்தமிழில் அதற்குச் செங்கீரைப் பருவம் என்று பெயர். காற்றில் கீரை அசைவதுபோல் பிள்ளை தலை நிமிர்த்தி அசையும் பருவம். கீரைப் பாத்திக்கு எதிரிலேயே உங்கள் பையன் ஆடுகிறான். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர் (12 நாள் கழித்து)

ஸ்டாண்டு போட்டாயிற்று. என் வீட்டுக்காரர் பழைய கட்டில் சட்டத்தை வெட்டி வெல்டிங் வைத்துக் கொடுத்தார். 18 பைதான் ஏறியது, மீதியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கத்தரியில் இரண்டு செடியை வேரோடு எடுக்க வேண்டியதாயிற்று, மற்றவை புது இலை விடுகின்றன. வேப்பெண்ணெய் தேவைப்படவே இல்லை. எறும்பு முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் பாய்ப் பக்கம் வருவதில்லை. வெயில் ஏறித் தரை சுடுமுன் 8 மணிக்கெல்லாம் அவனை உள்ளே கொண்டுபோய்விடுகிறேன்.

நான் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் மாமியார் பாயில் அவனோடு உட்கார்ந்துகொள்கிறார். ஐயா சொன்ன செங்கீரையைச் சொன்னேன், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஒரு தாலாட்டே பாடிக் காட்டினார். நேற்று அந்தப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தவன் முதல் தடவையாக முன்னால் இரண்டு எட்டு வைத்தான், பாட்டியைப் பார்த்து.