பாட்டனார் காலத்துப் பெயர்கள்: பிரித்துப் பொருள் காண்பதும் பிழையில்லாமல் பதிவதும்

கொழும்பு06வாசி எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். ஆண் குழந்தை, ரோகிணி இரண்டாம் பாதம். ஐயர் ‘வ’ எழுத்தில் பெயர் தொடங்கச் சொல்லியிருக்கிறார். 31 ஆம் நாள் துடக்குக் (பிறப்புத் தீட்டு) கழிவுக்கு முன் பெயரை முடிவுசெய்ய வேண்டும்.

இரண்டு பக்கத்திலும் பழைய காணி உறுதிகளில் (நிலப் பத்திரங்களில்) இருக்கிற பெயர்கள் இவை: பொன்னம்பலம், கனகசபை, அம்பலவாணர், தில்லையம்பலம், வைத்தியலிங்கம், வல்லிபுரம், மூத்ததம்பி, கணபதிப்பிள்ளை. இணையப் பட்டியல்களில் பாதிப் பெயர்கள் இல்லை. இருப்பவற்றுக்கும் ‘சிவனின் பெயர்’ என்று ஒரு வரிதான் போட்டிருக்கிறார்கள். இவற்றின் சரியான பொருள் என்ன? நட்சத்திர எழுத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டுமா? தகப்பன் பெயரையும் பிள்ளையின் பெயரையும் பத்திரத்தில் எப்படி எழுதினால் பின்னால் கரைச்சல் வராது?

ஏட்டுச்சுருள் எழுதியது:

உங்கள் பட்டியலின் முதல் நான்கு பெயர்களும் ஒரே கோயிலில் இருந்து வந்தவை. அது சிதம்பரம். அம்பலம் என்றால் பலரும் கூடும் மன்று. நடராசர் ஆடும் மன்றின் கூரையைப் பொன்னால் வேய்ந்த பெருமை முதலாம் பராந்தக சோழனுக்கு உரியது. அதனால் அது பொன் அம்பலம். அதையே வடமொழியில் சொன்னால் கனகம் (பொன்), சபை (அம்பலம்), ஆகவே கனகசபை. ஆக உங்கள் உறுதிகளில் இருக்கும் பொன்னம்பலமும் கனகசபையும் பொருளில் ஒரே பெயர். ஒரு குடும்பத்தில் தமையனுக்கு ஒன்றும் தம்பிக்கு மற்றதுமாக வைத்திருந்தால் அதைத் தெரிந்தே செய்திருப்பார்கள்.

தில்லை என்பது சிதம்பரத்தின் பழைய பெயர். உப்பங்கழியோரம் வளரும் தில்லை மரத்தால் வந்தது. தில்லையம்பலம் அந்த ஊரின் மன்று. அம்பலவாணர் என்பதில் ‘வாணர்’ வாழ்நர் என்பதன் மருஉ. அம்பலத்தில் வாழ்பவர் என்று பொருள். கொழும்பிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1857 இல் பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில் அமைத்து, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் மறுபடி எழுப்பிய கோயிலின் பெயர் பொன்னம்பலவாணேஸ்வரர். பொன், அம்பலம், வாணர், ஈஸ்வரர் என்று நான்காகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் இரண்டு பெயர்கள் அதற்குள்ளேயே கிடக்கின்றன.

இந்தக் குடும்பத்துப் பெயர்கள் இன்னும் நிறைய. சபேசன் (சபா, ஈசன்), நடேசன் (நடம், ஈசன்), சபாநாதன், சபாரத்தினம், திருச்சிற்றம்பலம், தூக்கிய திருவடியைச் சொல்லும் குஞ்சிதபாதம், பெண்பிள்ளைகளுக்குச் சிவகாமி. ஒரு எச்சரிக்கை: ‘சபை’ வந்தால் எல்லாம் சிதம்பரம் என்று எடுக்கக் கூடாது. ஐந்து சபைகள் உண்டு. பொற்சபை சிதம்பரத்தில், வெள்ளிசபை மதுரையில், இரத்தினசபை திருவாலங்காட்டில், தாமிரசபை திருநெல்வேலியில், சித்திரசபை குற்றாலத்தில். இரத்தினசபாபதி என்றொருவர் இருந்தால் அவர் பெயர் திருவாலங்காட்டுப் பெயராக இருக்கலாம்.

வைத்தியலிங்கம், சிவன் வைத்தியராக வீற்றிருக்கும் புள்ளிருக்குவேளூருக்கு உரியது. அந்த ஊரை இப்போது வைத்தீஸ்வரன்கோயில் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணையிலும் வைத்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. அம்மன் தையல்நாயகி, பெண்பிள்ளைக்கு அந்தப் பெயர்.

வல்லிபுரம் சிவன் பெயரே இல்லை. பருத்தித்துறைப் பக்கத்து வல்லிபுர ஆழ்வார் கோயில் விஷ்ணு கோயில். மூலஸ்தானத்தில் சக்கரத்துக்குத்தான் பூசை. ஊர்ப்பெயரை அப்படியே ஆளுக்கு வைப்பது நம்மவர் வழக்கம். சிதம்பரம், அருணாசலம், பழனி எல்லாம் அந்த வகை. ஈழத்துத் தலங்களில் இருந்து வந்தவை நகுலேஸ்வரன் (கீரிமலை), கேதீஸ்வரன் (மன்னார்), கோணேஸ்வரன், கோணாமலை (திருகோணமலை), முன்னேஸ்வரன் (சிலாபம்), மாமாங்கம் (மட்டக்களப்பு), கதிர்காமநாதன், நல்லைநாதன்.

மூத்ததம்பி பிறந்த வரிசையைச் சொல்வது. இதில் தம்பி என்றால் உடன்பிறந்த இளையவன் அல்ல. ஆண்பிள்ளையை வீட்டில் அழைக்கும் சொல். இளையதம்பி, சின்னத்தம்பி, சின்னத்துரை எல்லாம் இந்த வரிசை. தெய்வப்பெயரோடு ‘தம்பி’ சேர்வது கிழக்கில் கூடுதல். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் தகப்பனார் பெயர் சாமித்தம்பி. சுவாமியின் பிள்ளைப் பெயர் மயில்வாகனன், மயிலை ஊர்தியாகக் கொண்ட முருகன்.

நாள்மீன் எழுதியது:

எழுத்துப் பற்றி. ரோகிணியின் நான்கு பாதங்களுக்கும் ஒ, வ, வி, வு என்று பஞ்சாங்கத்தில் இருக்கும். உங்களுக்கு இரண்டாம் பாதம், ஆகவே வ. பட்டியலிலேயே வல்லிபுரம் பொருந்துகிறது. வைத்தியலிங்கம் ‘வை’ என்பதால் கண்டிப்பான கணக்கில் பொருந்தாது. ஆனால் வகர வரிசைதானே என்று ஏற்றுக்கொள்கிற ஐயர்மார் உண்டு, கேட்டுப் பாருங்கள். வரதராசா, வன்னியசிங்கம் ஆகியவையும் நேராக ‘வ’வில் தொடங்கும் பழைய பெயர்கள்.

இந்த அட்டவணையை ஓரளவுக்கு மேல் இறுக்கிப் பிடிக்க முடியாது. காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அது வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. ரோகிணி நாலாம் பாதத்துக்கு ‘வு’. ஆனால் வகரம் உ, ஊ, ஒ, ஓ நான்கோடும் சேர்ந்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று நன்னூலே சொல்கிறது. மிருகசீரிடம் இரண்டாம் பாதத்து ‘வோ’வுக்கும் அதே கதி. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ‘ங’, அத்தம் மூன்றாம் பாதத்துக்கு ‘ண’. இவற்றில் தொடங்கும் தமிழ்ப் பெயர் எங்கே கிடைக்கும்? அப்படி வந்தால் ஒன்றில் அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுப்பார்கள், அல்லது எழுத்துக்குப் பொருந்திய ஒரு பெயரைக் காதில் மட்டும் சொல்லிவிட்டு, கூப்பிடும் பெயரையும் பதிவுப் பெயரையும் விருப்பப்படி வைப்பார்கள். இரண்டாவது வழி நல்லது என்பது என் எண்ணம். எழுத்துக்காகப் பொருளில்லாத ஓசைகளைக் கோத்துப் புதுப்பெயர் செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இதைவிட உறுதியானது. பொன்னம்பல முதலியாரின் தகப்பன் அருணாசலம். முதலியாரின் மகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம், அதாவது பாட்டன் பெயர் பேரனுக்கு. அவருடைய மகன் சேர் அருணாசலம் மகாதேவா. ஒவ்வொரு தலைமுறையிலும் தகப்பன் பெயர் முன்னால் நிற்கிறது, சொந்தப் பெயர் பின்னால்.

கொழும்பு06வாசி எழுதியது:

மிக்க நன்றி. வல்லிபுரம் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தகப்பன் பெயராக வரப்போவது இராசரத்தினம். இன்னொன்று: கணபதிப்பிள்ளையில் ‘பிள்ளை’ சாதிப்பட்டமா? அதைத் தனியாக எழுத வேண்டும் என்று ஒருவர் சொன்னார்.

ஏட்டுச்சுருள் எழுதியது:

தனியாக எழுதவே வேண்டாம். தமிழகத்தில் பிள்ளை பட்டமாகப் பெயருக்குப் பின் வரும். இங்கே பெரும்பாலும் அது பெயருக்குள்ளேயே சேர்ந்தது: கணபதியின் பிள்ளை, வேலின் பிள்ளை. கணபதிப்பிள்ளை, வேலுப்பிள்ளை முழுவதும் ஒரே சொல். பிரித்து எழுதினால் வெளிநாட்டுப் படிவங்களில் ‘பிள்ளை’ குடும்பப்பெயர் ஆகிவிடும். அண்ணன் தம்பி ஒருவர் கணபதிப்பிள்ளை மகன், மற்றவர் பிள்ளை மகன் என்று ஆவணத்தில் பிரிந்து நிற்பார்கள்.

பழைய உறுதி வாசிக்கும்போது வேறொரு சிக்கலும் வரும். ஒரே ஆள் ஓர் இடத்தில் கந்தர், இன்னொரு இடத்தில் கந்தப்பிள்ளை. ‘அர்’ மரியாதை விகுதி. ஆறுமுக நாவலரின் தகப்பனாரையே இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். பெயர் மாறுகிறதே என்று ஆளையும் மாற்றிவிடாமல், மனைவி பெயர், காணிப் பெயர், எல்லை மூன்றையும் ஒப்பிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

இதுவரை வடக்கும் கிழக்கும் வந்துவிட்டன. கொழும்பில் மலையகக் குடும்பங்களும் ஏராளம், அவர்களின் பெயர்களுக்கு வேறு வரலாறு. அங்கே காவல் தெய்வங்களும் அம்மனும் முன்னால் நிற்பார்கள்: கருப்பையா, முனியாண்டி, மதுரைவீரன், மாரியம்மா. மாரிமுத்து என்பதில் முத்து மணியாகவும் இருக்கலாம், அம்மை கண்டபோது உடம்பில் போடும் முத்தாகவும் இருக்கலாம். மாரியம்மனுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளைக்கும், அம்மையில் இருந்து பிழைத்த பிள்ளைக்கும் அது பொருந்தும்.

பிச்சைமுத்து, பிச்சையம்மா, குப்பன், குப்பம்மா, மூக்கன், மூக்காயி ஆகிய பெயர்களைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அவற்றின் காரணத்தை அறிய வேண்டும். முன்னே பிறந்தவை தங்காமல் போன வீட்டில், அடுத்த பிள்ளையைத் தெய்வத்திடம் பிச்சையாகக் கேட்டு வாங்கினோம் என்று பெயர் வைத்தார்கள். அல்லது குப்பையில் கிடத்தி எடுத்து, இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று காலனுக்குக் காட்டினார்கள். அல்லது மூக்குக் குத்தி அடையாளமிட்டார்கள். நைஜீரியாவின் யொருபா மக்களிடமும் இதே நிலையில் பிறந்த பிள்ளைக்குக் கொக்குமோ (இனிச் சாகாது), மாலோமோ (மறுபடி போகாதே) என்று பெயர்கள் உண்டு. எங்கும் இவை பெற்றவர்கள் தெய்வத்திடம் கெஞ்சிய சொற்கள். வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு இப்படிப் பெயர் இருந்தால் பத்திரத்தில் அதை ‘திருத்தி’ நாகரிகமாக்காதீர்கள். தோட்டத்துப் பதிவுகளில் கிளாக்கர்மார் ஆங்கிலத்தில் காதுக்கு எட்டியபடி எழுதியதால் ஏற்கெனவே நிறையச் சிதைந்திருக்கிறது. மேலும் மாற்றினால் ஓய்வூதியம், பிரசாவுரிமைப் பத்திரம் எதுவும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

பதிவுமேசை எழுதியது:

இனிப் பத்திர வேலை. பிறப்பைப் பதிவது குழந்தை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம். வீட்டு முகவரிக்குரிய பதிவாளரிடம் போனால் திருப்பி அனுப்புவார்கள். மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். பிந்தினால் காலங்கடந்த பதிவுக்கு வேறு சத்தியக்கூற்றும் ஆவணங்களும் தேவை. துடக்குக் கழிவு 31 ஆம் நாள் என்பதால் அவசரப்பட்டு ஆஸ்பத்திரியிலேயே ஏதோ ஒரு பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. பெயர் இல்லாமல் பிறப்பை மட்டும் பதிந்து பின்னர் பெயரைச் சேர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு அலைச்சல்.

கொழும்பில் முக்கியமானது மொழி. தமிழில் பதியும்படி முதலிலேயே கேளுங்கள். சிங்களத்தில் பதிந்து பின்னர் தமிழுக்கு மாற்றினால், ழகரத்துக்கும் றகரத்துக்கும் அங்கே தனி எழுத்து இல்லாததால் பெயர் திரும்பி வரும்போது மாறிப் போகும். எழிலன், யாழினி ஆகிய பெயர்களுக்கு இது பெரிய அடி.

பெயரைத் தெளிவாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். வல்லிபுரம் வள்ளிபுரம் ஆவதும், அம்பலவாணர் அம்பலவானர் ஆவதும், கணபதிப்பிள்ளையில் ‘ப்’ விழுவதும் வழக்கமான பிழைகள். மூத்ததம்பிக்கு ‘த்’ மிகாது, சின்னத்தம்பிக்கு வழக்கில் மிகும். எதை எழுதினாலும் எல்லாப் பத்திரத்திலும் அதையே எழுதுங்கள்.

உங்கள் விடயத்தில் கவனிக்க வேண்டிய இடம் தகப்பன் பெயர். இராசரத்தினம், ராஜரத்தினம் இரண்டும் ஒரே பெயர்தான், ஆனால் தமிழ் முதலெழுத்து ஒன்றில் ‘இ’, மற்றதில் ‘ரா’. ஆங்கிலத்திலோ ‘ஆர்’. தகப்பனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிள்ளையின் பத்திரத்திலும் வர வேண்டும். கணபதிப்பிள்ளை போன்ற பெயருக்கு ‘கே’யா ‘ஜி’யா என்ற தடுமாற்றம் வரும்; ஜி. ஜி. பொன்னம்பலம் ‘ஜி’ எடுத்தார். செல்வநாயகத்தை ‘எஸ்’ஸிலும் தொடங்கலாம், ‘சி எச்’சிலும் தொடங்கலாம், எஸ். ஜே. வி. செல்வநாயகம் எழுதியது ‘சி எச்’. உங்கள் பிள்ளைக்கு ‘வ’ என்பதால் ‘வி’யா ‘டபிள்யூ’வா என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். நான் ‘வி’ என்பேன். தகரத்துக்கு ‘ரி எச்’ (th), டகரத்துக்கு ‘ரி’ (t) அல்லது ‘டி’ (d) என்று பிரித்து வைத்தால் இராசரத்தினம் வாசிப்பவர் வாயில் ‘இராசரட்டினம்’ ஆகாது.

பிள்ளையின் பெயர் என்ற கட்டத்தில் ‘இராசரத்தினம் வல்லிபுரம்’ என்று இரண்டையும் இந்த ஒழுங்கில் எழுதுங்கள். வல்லிபுரம் என்று மட்டும் எழுதினால், குடும்பப்பெயரும் சொந்தப்பெயரும் தனித்தனியாகக் கேட்கும் கடவுச்சீட்டு, விசா படிவங்களில் ஒரு கட்டம் வெறுமையாகும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக இராசரத்தினம், ஏனைய பெயராக வல்லிபுரம். வெளிநாட்டில் பிள்ளையை இராசரத்தினம் என்றுதான் கூப்பிடுவார்கள், அதற்காக ஒழுங்கை மாற்ற வேண்டாம். மாற்றினால் பாடசாலை, பரீட்சைத் திணைக்களம், அடையாள அட்டை மூன்றிலும் முதலெழுத்து ‘வ’ ஆகி, வல்லிபுரத்தின் மகன் இராசரத்தினம் என்று வாசிக்க நேரும்.