மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது, யார் சொல்வதைக் கேட்பது?

தாம்பரம்_அம்மா:
வணக்கம். 60 லிட்டர் தொட்டி, இரண்டு கோல்டு ஃபிஷ், போர் தண்ணீர். இந்த மாதம்தான் வைத்தோம். நேற்றிலிருந்து இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு வீடியோவில் முழுத் தண்ணீரையும் மாற்றி ஃபில்டரைக் குழாயில் கழுவச் சொல்கிறார்கள். இன்னொன்றில் தண்ணீரைத் தொடவே கூடாதாம், கல் உப்பு போட்டால் போதுமாம். மூன்றாவதில் மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து. மூன்றுக்கும் கீழே "எனக்குச் சரியாயிடுச்சு" என்று வரிசையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். எதை நம்புவது?

கொளத்தூர்_ப்ரீடர்:
சகோதரி, முதலில் தீனியை நிறுத்துங்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் காட்டாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. ரொம்ப அழுக்காக இருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து விடுங்கள். அபார்ட்மெண்ட் என்றால் சம்ப்பில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். போட்டால் குளோரின் நீக்கும் மருந்து கலக்காமல் ஊற்ற வேண்டாம்.

அப்புறம் அந்த வீடியோக்கள். அம்மோனியா, பாக்டீரியா அதைத் தின்று வெளிவிடும் நைட்ரைட் என்ற இன்னொரு நச்சு, ஆக்சிஜன் குறைவு, செவுளில் ஒட்டுண்ணி, இதில் எது இருந்தாலும் மீன் மேலே வந்துதான் மூச்சு வாங்கும். தொட்டி எத்தனை லிட்டர், வைத்து எத்தனை நாள், தண்ணீர் டெஸ்ட் என்ன சொல்கிறது என்று கேட்காமல் மருந்து பெயர் சொல்பவரை நான் எடுத்துக்கொள்வதில்லை. "எனக்குச் சரியாயிடுச்சு" என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தண்ணீரையும் மாற்றியிருப்பார், ப்ளூவும் ஊற்றியிருப்பார். மீன் பிழைத்தது தண்ணீரால், பெயர் ப்ளூவுக்கு. மீன் செத்துப் போனவர் திரும்பி வந்து கமெண்ட் போடுவதும் அபூர்வம்.

தாம்பரம்_அம்மா:
பாதித் தண்ணீர் மாற்றிவிட்டேன், சம்ப்பில் எதுவும் போடுவதில்லையாம். மாற்றும் முன் எடுத்து வைத்த தண்ணீரைச் சொட்டு மருந்து கிட்டில் பார்த்தேன்: அம்மோனியா 2, நைட்ரைட் 0, பிஹெச் (அமில-கார அளவு) 8.2. ஒரு வெளிநாட்டுப் பக்கத்தில் அம்மோனியா 2 வரை தாங்கும் என்று இருக்கிறதே?

வேதியியல்_வாத்தியார்:
அவருடைய தண்ணீரில் தாங்கியிருக்கலாம். அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு பிஹெச் ஒன்று ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்காகும். பிஹெச் 7, குளிர்ந்த தண்ணீர் என்றால் 2 இருந்தும் மீன் சமாளிக்கும். உங்கள் 8.2-இல் அதே 2 ஆபத்து. அதோடு 15 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் எந்தத் தண்ணீருக்கு, எந்தச் சூட்டுக்குச் சொன்னது என்று தேடுங்கள். அது இல்லாத எண்ணை விட்டுவிடலாம்.

தாம்பரம்_அம்மா:
இப்போது கீழே இறங்கி நீந்துகின்றன, சார். அப்படியானால் அந்த உப்பு வீடியோ தப்பா?

கொளத்தூர்_ப்ரீடர்:
தப்பு என்று சொல்ல மாட்டேன். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். உங்களுக்கு இன்று நைட்ரைட் 0, அதனால் உப்பு வேண்டாம். புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியா பெருகிச் சீராக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அப்போது லிட்டருக்கு 1 கிராம், அதாவது 60 கிராம் கல் உப்பைத் தனி வாளியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அதுவரை தினமும் டெஸ்ட் எடுத்து, அம்மோனியா தெரிந்தால் மறுபடி கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். நாளைய அளவை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.