நாயின் நகம் அடியோடு பிளந்து தொங்குகிறது: விடியும் வரை என்ன செய்யலாம்?

கேள்வி (உப்புவெளியிலிருந்து, இரவு 7.40)
வணக்கம். இன்று மாலை கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் நாய் மணியின் முன்காலில், தரையைத் தொடாமல் உட்பக்கமாக உயர்ந்து நிற்கும் பெருவிரல் நகம், மணலில் புதைந்து கிடந்த நைலோன் வலைத்துண்டில் சிக்கிவிட்டது. வெருண்டு காலை இழுத்ததில் நகம் அடிவரை பிளந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. விறாந்தை முழுவதும் இரத்தத் தடங்கள். அயலிலுள்ள அம்மா கோப்பித்தூள் வைத்துக் கட்டச் சொல்கிறார். என் கணவர் பாதி பனடோல் கொடுக்கலாமா என்று கேட்கிறார். காலைத் தொட்டாலே மணி உறுமுகிறது. மிருக வைத்தியரை நாளைக் காலைதான் காணலாம். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் (உவர்மலையிலிருந்து, இரவு 7.52)
தங்கச்சி, அந்த இரண்டையும் செய்ய வேண்டாம். காயத்தில் வைத்த கோப்பித்தூளை நாய் நக்காமல் விடாது, அதிலுள்ள கஃபீன் அதற்கு நஞ்சு. பனடோலும் மனிதருக்கான மற்ற வலி மாத்திரைகளும் நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுக்கக்கூடியவை.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். எனவே பருத்திச் சேலைக் கிழியல் ஒன்றை மூக்கின்மேல் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுகளுக்குப் பின்னால் முடியுங்கள். வாய் கட்டியிருந்தால் நாயால் மூச்சிரைத்து உடற்சூட்டைத் தணிக்க முடியாது. ஆகவே வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள், மூச்சுத் திணறினாலோ ஓங்காளித்தாலோ அந்தக் கணமே அவிழ்க்க வேண்டும்.

பிறகு மடித்த சுத்தமான துணியை நகத்தின்மேல் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். எங்கள் நாய்க்கு நான் செய்த பிழையும் அதுதான், அன்று மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகும் ஒழுகினால் காலை வரை காத்திருக்காமல் ஒரு வைத்தியரைத் தேடிப் பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர் (இரவு 8.25)
நன்றி அண்ணா. இரத்தம் நின்றுவிட்டது. தொங்கும் துண்டை நகவெட்டியால் வெட்டிவிடலாமா?

பதில் (நிலாவெளியிலிருந்து, இரவு 8.41)
வேண்டாம் அக்கா. நகத்தின் உள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் மென்சதை இருக்கிறது. ஒட்டியிருக்கும் இடத்தில் வெட்டினால் மணி துடித்துப்போகும், இரத்தமும் மறுபடி பாயும். வைத்தியர் மயக்கியோ விறைக்கச் செய்தோ அதை எடுப்பார். கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, இரத்தம் உறைந்த இடத்தைத் தேய்க்காமல், சுற்றியுள்ள மணலை மட்டும் கழுவுங்கள். ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். துணியைத் தளர்வாகச் சுற்றி, விரல்கள் வீங்குகின்றனவா என்று படுக்கப் போகுமுன் பாருங்கள். தற்செயலாகக் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், காயத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் (மறுநாள், பிற்பகல் 1.10)
வைத்தியர் ஊசி போட்டு நகத்தை எடுத்துவிட்டார். அடியில் இளஞ்சிவப்பான சதை மட்டும் கூர்நுனியாகத் தெரிந்தது. அதன்மேல் புதிய நகம் வளர மாதக்கணக்காகுமாம். சீழோ நாற்றமோ வீக்கமோ தெரிந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார். காயம் ஆறும் வரை கடற்கரை இல்லை, முற்றத்தில் மட்டும், அதுவும் கட்டின்மேல் பொலித்தீன் பை சுற்றி. உள்ளே வந்ததும் பையைக் கழற்றிவிடுகிறோம். அந்த வலைத்துண்டையும் என் கணவர் தோண்டி எடுத்துவிட்டார்.