டிடி கட்டளையின் இறுதியில் வரும் பிழை: வட்டு பழுதா, இல்லையா?

கரிசல்காடு எழுதியது:
டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் குறுவட்டை, முதலிலிருந்து கடைசிவரை அப்படியே படித்தெடுக்கும் டிடி கட்டளையால் நகலெடுப்பது பற்றிய இழையில், "டிடி கட்டளை முடியும் தறுவாயில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வந்தால் வட்டு பழுது, தூக்கி எறியுங்கள்" என்று டெர்மினல்தாசன் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இதை நம்பிப் புதியவர்கள் நல்ல வட்டுகளை வீசிவிடக் கூடாது என்பதற்காகவே தனி இழை தொடங்குகிறேன். ட்ராக் அட் ஒன்ஸ் முறையில், அதாவது ஒவ்வொரு ட்ராக்காகத் தனித்தனியே, எழுதப்பட்ட வட்டில், தரவு முடிந்த இடத்துக்குப் பின்னால் எழுதும் கருவியே ரன் அவுட் எனப்படும் இரண்டு செக்டர்களை (செக்டர் என்பது வட்டில் 2048 பைட் தரவு கொள்ளும் ஒரு துண்டு) விட்டுச் செல்லும். அவற்றில் படிக்க எதுவும் இல்லை என்றாலும், வட்டின் நீளக் கணக்கில் அவையும் சேர்ந்திருப்பதால், டிடி அங்கேயும் போய் முட்டிக்கொண்டு பிழை காட்டுகிறது. வட்டின் விவரம் சொல்லும் ஐசோஇன்ஃபோ கட்டளை வால்யூம் சைஸ் என்று காட்டும் எண்ணை டிடியின் கவுன்ட் (எத்தனை துண்டு) ஆகவும், 2048 என்பதைப் பிஎஸ் (ஒரு துண்டின் பைட் அளவு) ஆகவும் கொடுத்தால், படிப்பது தரவின் எல்லையிலேயே நின்றுவிடும்.

டெர்மினல்தாசன் எழுதியது:
பிழை என்றால் பிழைதான். பிழை வருகிற இடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டுப் பிழையே இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? மேலும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் முன்கூட்டியே சில செக்டர்களைச் சேர்த்துப் படிக்கும் என்பதால், ரன் அவுட் பகுதியில் தடுக்கும்போது அதற்கு முன்னால் இருக்கும் உண்மையான தரவும் கைவிட்டுப் போகலாம். "இரண்டே செக்டர்" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்.

கரிசல்காடு எழுதியது:
அந்தச் சிக்கல் பழையது, அதற்கான மாற்று ஏற்பாடும் பழையதுதான். வட்டில் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ பிம்பக் கோப்பை உருவாக்கும் ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் கருவி, தானாகவே அந்தக் கோப்பின் முடிவில் 150 செக்டர்களை, அதாவது 300 கிலோபைட்டை, வெற்றிடமாகச் சேர்ப்பது இதற்காகவே. கைவிட்டுப் போவது அந்த வெற்றிடத்தின் ஒரு துண்டாகத்தான் இருக்கும். நம்பிக்கை இல்லையென்றால், தரவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் பைட் அளவை 2048ஆல் வகுத்து, அத்தனை செக்டர்களை வட்டிலிருந்து படித்து எஸ்எச்ஏ256 கூட்டலை (தரவின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்ணை) கணக்கிட்டு, டெபியன் வெளியிட்டிருக்கும் கூட்டலோடு ஒப்பிடுங்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

புதுவரவு எழுதியது:
ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வட்டில் உள்ள கோப்புகளை எல்லாம் ஓர் அடைவில் நகலெடுத்து, அதையே வேறு வட்டில் எழுதினால் போதாதா?

கரிசல்காடு எழுதியது:
போதாது தம்பி. கோப்புகள் எல்லாம் வந்து சேரும், ஆனால் கணினி அந்த வட்டிலிருந்து எழும்பாது. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் முதலில் தேடுவது கோப்பை அல்ல. குறுவட்டிலிருந்து கணினியை எழுப்புவதற்கான எல் டொரிட்டோ முறைப்படி 17ஆம் செக்டரில் இருக்கும் பூட் குறிப்பைப் படித்து, அது காட்டும் பட்டியலைப் பிடித்துத்தான் ஐசோலினக்ஸ் என்ற தொடக்க நிரலைக் கண்டடைகிறது. அந்த 17ஆம் செக்டர் எந்தக் கோப்புக்குள்ளும் அடங்காது. கோப்புகளிலிருந்துதான் மறுபடி கட்ட வேண்டும் என்றால், ஜென்ஐஎஸ்ஓஇமேஜிடம் பூட் கோப்பையும் பட்டியலையும் எடுத்துக் கொடுத்து, நோ எமுல் பூட், பூட் லோட் சைஸ் 4, பூட் இன்ஃபோ டேபிள் ஆகிய மூன்று விருப்பங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் ஐசோலினக்ஸ் கோப்புக்குள், அது புதிய வட்டில் எங்கே இருக்கிறது என்பதை எழுதிவைக்கிறது. இவ்வளவு பாடும் வேண்டாம் என்றுதான் செக்டர் செக்டராக டிடி கொண்டு எடுக்கச் சொல்கிறேன்.

டெர்மினல்தாசன் எழுதியது:
பையனுக்குப் பாடம் நடத்தியது போதும், என் கேள்விக்குப் பதில் வரவில்லை. வட்டை டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில், அதாவது முழு வட்டையும் ஒரே மூச்சில், எழுதியிருந்தால் ரன் அவுட் செக்டரே இருக்காது, பிழையும் வராது. அப்படியிருக்க, பிழை வரும் வட்டைச் சரியான வட்டு என்று எப்படி ஏற்பது? வோடிம் என்ற எழுதும் கருவியை வைத்து எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தீரவே தீராது. சிடிரெக்கார்ட் ஒன்றுதான் முறையான கருவி.

நாஞ்சில்வாசி எழுதியது:
வோடிமிலும் டிஸ்க் அட் ஒன்ஸ் உண்டு. கருவியைப் பழிப்பதற்கு முன் அதன் கையேட்டைப் படியுங்கள்.

டெர்மினல்தாசன் எழுதியது:
2006இல் உரிமச் சண்டையில் சிடிரெக்கார்டிலிருந்து பிரித்தெடுத்து, பிறகு வளர்க்காமல் கிடப்பில் போட்ட கருவிக்குக் கையேடு வேறா? சிடிரெக்கார்டை எழுதிய யோர்க் ஷில்லிங் கடைசிவரை சொன்னது இதைத்தான்.

கரிசல்காடு எழுதியது:
பிரித்தெடுக்கக் காரணம், சிடிரெக்கார்ட் தொகுப்பின் ஒரு பகுதி சிடிடிஎல் என்ற உரிமத்துக்கு மாறியதும், அது ஜிபிஎல் என்ற உரிமத்தோடு ஒத்துப்போகாது என்று டெபியன் கருதியதும். ஆனால் அந்தச் சண்டை இங்கே எதற்கு? யார் எந்தக் கருவியால் எழுதியிருந்தாலும், ட்ராக் அட் ஒன்ஸ் வட்டின் முடிவில் அந்த இரண்டு செக்டர்கள் இருக்கும். அவை இருப்பது பழுது ஆகாது.

டெர்மினல்தாசன் எழுதியது:
கூட்டல் பொருந்துவது வேறு, வட்டு பிழையின்றிப் படிக்கப்படுவது வேறு. நான் நிறுவும் கணினிகளுக்குப் பிழை காட்டும் வட்டை எடுத்துக்கொண்டு போக மாட்டேன்.

கரிசல்காடு எழுதியது:
எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது உங்கள் விருப்பம். மற்றவர்களை எறியச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நிறுவல் நிரல் ஐஎஸ்ஓ 9660 (குறுவட்டின் கோப்பு முறை) தலைப்பு சொல்லும் எல்லைக்குள் இருக்கும் கோப்புகளை மட்டுமே கேட்கிறது. அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் இரண்டு செக்டர்களைக் கேட்பதே இல்லை. கவுன்ட் கொடுத்து ஒருமுறை படித்து, வரும் கூட்டலை இங்கே ஒட்டுங்கள், பிறகு பேசலாம்.