பெட்டி கொழும்புல நிக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லல, நீங்கல்லாம் தகவல் எப்படி வாங்குறீங்க?

ஒரகடம்_ஸ்டோர்ஸ்:
வணக்கம். ஒரகடத்துல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒண்ணுல ஆறு வருஷமா இம்போர்ட் பாக்குறேன். போன மாசம் ஜெர்மனில இருந்து ஒரு நாப்பதடி பெட்டி, அதான் கன்டெய்னர், வர வேண்டியது, உள்ள பூரா பேரிங். கப்பல் 9ஆம் தேதி வருதுன்னு ஃபார்வர்டர், அதாவது கப்பல்ல இடம் புடிச்சு சரக்க அனுப்பி வைக்கிற ஏஜென்ட், மெயில் போட்டாரு, அத நம்பி ட்ரெய்லருக்கும் சொல்லி, இறக்குற ஆளுங்களுக்கு ஓவர்டைமும் சொல்லிட்டேன். கப்பல் வந்துச்சு, பெட்டி வரல. கொழும்புல இறக்கி வச்சிருக்காங்களாம், அடுத்த ஃபீடர்ல, அங்க இருந்து இங்க வர்ற சின்ன கப்பல்ல, வருமாம். லைனுக்கு, அதாவது கப்பல் கம்பெனிக்கு, நாலு நாளா தெரியும், ஃபார்வர்டருக்கு ரெண்டு நாளா தெரியும், எனக்கு நானா போன் பண்ணி கேட்டப்புறம்தான். 18ஆம் தேதி வரைக்கும் ப்ரொடக்ஷன் மேனேஜர் தினம் காலைல என் சீட்டு பக்கத்துல வந்து நிப்பாரு, ஒண்ணும் பேசாம போயிடுவாரு, திட்டியிருந்தா கூட தேவலாம். ஆளுக்கு ஒரு துண்டு தகவல் வச்சிருக்காங்க, அத ஒண்ணா சேக்க எங்கள மாதிரி சின்ன கம்பெனி என்ன பண்றது?

பாரிஸ்_சிஎச்ஏ:
சார், நான் சிஎச்ஏ, கஸ்டம்ஸ் வேலைய முடிச்சு குடுக்கற ஏஜென்ட். முதல்ல பெட்டி நம்பர கேட்டு வாங்குங்க. உங்க கைல இருக்கறது ஃபார்வர்டர் போட்ட ஹவுஸ் பிஎல் (பிஎல்னா பில் ஆஃப் லேடிங், சரக்க ஏத்துனதுக்கான சீட்டு), லைன் கொடுத்த மாஸ்டர் பிஎல் அவர்கிட்ட இருக்கும். ஆனா பெட்டி நம்பர் இருந்தா லைன் வெப்சைட்ல நீங்களே பாத்துக்கலாம், கொழும்புல இறங்குனது அதுல வந்திருக்கும். இங்க இறங்குனப்புறம் பெட்டி எங்க இருக்குன்னு காட்டுற லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் சைட்ல அதே நம்பர போட்டா துறைமுகத்த விட்டு எப்ப வெளிய வந்துச்சுன்னு காட்டும். நம்பர் நாலு எழுத்து, ஏழு இலக்கம், கடைசி இலக்கம் முன்னாடி இருக்கற பத்த வச்சு கணக்கு போட்டு வர்றது, தப்பா அடிச்சா அதுலயே மாட்டிக்கும், எக்ஸெல்ல ஃபார்முலா போட்டு வைங்க. எங்க ஆபீஸ்ல ஒரு தடவ வாட்ஸப் போட்டோல 8ங்கறத 6ன்னு படிச்சு பாதி நாள் போச்சு.
நீங்களும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்ட சீக்கிரம் அனுப்பணும் சார். கப்பல் வர்றதுக்கு முந்தின நாளுக்குள்ள பில் ஆஃப் என்ட்ரி, அதாவது கஸ்டம்ஸ்ல குடுக்கற இறக்குமதி கணக்கு, போடலன்னா அபராதம் முதல் மூணு நாள் தினம் 5000 ரூபா, அதுக்கு மேல தினம் 10000. கப்பல் வர்ற அன்னைக்கு சாயங்காலம் பேப்பர் அனுப்பிட்டு ஏன் லேட்டுன்னு கேட்டா நாங்க எங்க போறது?

ஃபார்வர்டிங்ல_இருக்கேன்:
உண்மைய சொல்றேன். கெட்ட செய்திய ஒரு நாள் தள்ளி சொல்லுவோம், அதுக்குள்ள வேற ஃபீடர்ல இடம் கிடைச்சிடும்னு ஒரு நம்பிக்கை. அது தப்புதான். லைன் பேரு தெரிஞ்சா கஸ்டமர் நேரா அங்க போயிடுவாருங்கற பயமும் இருக்கு. இந்த பயம் பெரிய இடத்துலயும் உண்டு. கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம்மும் 2018ல ட்ரேட்லென்ஸ்னு சரக்கு தகவல பகிர்ந்துக்க எல்லாருக்கும் பொதுவா ஒரு சாஃப்ட்வேர் கொண்டு வந்தாங்க, தொழில் முழுக்க ஒத்துழைப்பு வரலன்னு அவங்களே சொல்லி 2023 ஆரம்பத்துல மூடிட்டாங்க. அதனால பெரிய சாஃப்ட்வேர் வரட்டும்னு காத்திருக்காதீங்க. 2023 கடைசில செங்கடல் பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்து ஐரோப்பா கப்பல் நிறைய ஆப்பிரிக்காவ சுத்தி வருது, பத்து நாளுக்கு மேல கூடுது, கனெக்ஷன் மிஸ் ஆகுது. கொழும்புல ஃபீடர்ல ஏறிடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் ட்ரெய்லர் சொல்லுங்க. அப்புறம் மாசத்துக்கு எத்தன பெட்டின்னு முன்கூட்டியே எங்களுக்கு சொல்லுங்க, நிறைய பேர் பயத்துல ரெண்டு லைன்ல புக் பண்ணி ஒண்ண விட்டுடறாங்க, அத ஈடு கட்ட லைனும் கூடுதலா புக்கிங் எடுக்குது, கடைசில யாரோ ஒருத்தர் பெட்டி கீழ நிக்குது.

மணலி_ட்ரெய்லர்:
தம்பி, எங்கள யாரும் கணக்குலயே எடுக்கல பாருங்க. பெட்டி வரலன்னு ஃபார்வர்டர் உங்களுக்கு சொல்றாரு, எனக்கு யார் சொல்றா? என் டிரைவர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல க்யூல நிப்பான், சாப்பாடு தண்ணி இல்லாம. காலி பெட்டி கதை இன்னும் மோசம், டிஓல, அதான் லைன் குடுக்கற டெலிவரி ஆர்டர்ல, காலி பெட்டிய திருப்பி விட மாதவரம் யார்டுன்னு இருக்கும், போனா இங்க எடுக்கறதில்ல மாத்தியாச்சும்பாங்க, ராத்திரி முழுக்க வண்டி முடங்கும், பெட்டிய லேட்டா திருப்புனதுக்கு லைன் போடற டிடென்ஷன் சார்ஜ் உங்க தலைல விழும். காலி யார்ட முந்தின நாளே லைன்ல கேட்டு எனக்கு ஒரு வரி போட்டா போதும்.

ஒரகடம்_ஸ்டோர்ஸ்:
அண்ணே, அன்னைக்கு நானும் உங்கள மாதிரி ஒரு ட்ரெய்லர்காரருக்கு சொல்ல மறந்துட்டேன், சனிக்கிழமை அவர் வண்டி சும்மா நின்னுச்சு. இப்ப ஒரு கூகுள் ஷீட் போட்டுட்டேன், பெட்டி நம்பர், ஃபீடர் பேரு, பேப்பர் அனுப்புன தேதி, சார்ஜ் இல்லாம பெட்டிய வச்சுக்கற ஃப்ரீ டேஸ் முடியிற தேதி, காலி யார்டு. சிஎச்ஏவும் ஃபார்வர்டரும் அதுலயே எழுதுறேன்னு ஒத்துக்கிட்டாங்க. ட்ரெய்லர்காரருக்கு ஷீட்ல பழக்கம் இல்ல, அவருக்கு தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே வாட்ஸப்ல வாய்ஸ் போடறேன். அடுத்த பெட்டி 22ஆம் தேதி, நேத்து கொழும்புல ஏறிடுச்சு.