தாண்டிக்குடிச் சரிவில் காட்டுப்பட்டு வளர்க்கலாமா?

கேள்வி: பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மலைவாழையும் வைத்திருக்கிறோம். நிழல்மரங்களை வெட்டாமல், காட்டுப்பட்டால், அதாவது மல்பெரி அல்லாத வேறு இலைகளைத் தின்னும் பட்டுப்புழுக்களால், வருமானம் பார்க்க முடியுமா?

பதில் 1: ஜார்க்கண்டில் டசர் என்ற காட்டுப்பட்டுப் புழுவை மருத மரத்திலேயே விட்டு வளர்ப்பதால், மரம் நின்றால்தான் அங்கே பணம், ஆனால் திறந்தவெளியில் காக்கையும் எறும்பும் விடாது. உங்களுக்கு அசாமின் ‘எரி’ என்ற பட்டுப்புழு வகையே ஏற்றது என்பேன். வேலியோர ஆமணக்கு இலையைப் பறித்துப் போட்டு வீட்டுக்குள்ளேயே மூங்கில் தட்டில் வளர்க்கலாம். மரவள்ளி இலையையும் தின்னும்.

பதில் 2: எரிப்புழு கட்டும் கூட்டின் ஒரு முனை திறந்திருப்பதால், மல்பெரி இலை தின்னும் வழக்கமான பட்டுப்புழுவின் கூட்டைப்போல ஒரே இழையாக நூலெடுக்க முடியாது, அந்துப்பூச்சி வெளியேறிய பின் பஞ்சுபோல நூற்க வேண்டும். ஆகவே கூடு வாங்குபவரை முதலில் தேடிக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த இலையைத் துடைக்காமல் போட்டதில் எங்கள் முதல் தட்டுப் புழுக்கள் கறுத்துத் துவண்டு நாறிப்போயின.

கேட்டவர்: நன்றி ஐயா. வேலியோரம் ஆமணக்கு ஊன்றிவிட்டு வருகிறேன்.